தைபேயில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை

தர்மபுரியிலிருந்து பென்னாகரம் போகும் சாலையில் இருக்கிறது இண்டூர். ஒகேனக்கல்லுக்குக் குளிக்கப் போகிறவர்கள் பஸ் ஜன்னல் வழியாக ஒரு நிமிடம் பார்த்துவிட்டு மறந்துவிடும் ஊர். அந்தக் கடைவீதியில் இரண்டு ஆண்கள் தோளில் கைபோட்டு நடந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒரே பைக்கில் ஒட்டி உட்கார்ந்து போனாலும் அப்படித்தான். தர்மபுரி லாட்ஜில் இரண்டு ஆண்கள் ஒரு ரூம் கேட்டால் ஆதார் நகலை வாங்கிக்கொண்டு சாவியை நீட்டிவிடுவார்கள். ஆணும் பெண்ணும் போனால்தான் ஆயிரம் கேள்வி!

தைவானின் தலைநகரான தைபேயிலும் இரண்டு ஆண்கள் கைகோத்து நடந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் காரணம் வேறு. இண்டூரில் விஷயம் தெரியாததால் பார்ப்பதில்லை. தைபேயில் தெரிந்தும் பார்ப்பதில்லை. இந்த வித்தியாசத்தைப் பார்க்கத்தான் ஆசியாவின் பல மூலைகளிலிருந்தும் தன்பாலீர்ப்பாளர்கள் நான்கைந்து நாள் லீவு போட்டுவிட்டு அந்த நகரத்துக்குப் போகிறார்கள்.

இண்டூர் இளைஞர் ஒருவர் அப்படிக் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். வயது 31. ஓசூரில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். வீட்டில் மும்முரமாகப் பெண் பார்க்கிறார்கள். ஜாதகம் நாலு வீட்டுக்குப் போயிருக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் அம்மா தர்மபுரி கோட்டைக் கோயிலுக்குப் போய்க் கல்யாண காமாட்சிக்கு விளக்குப் போடுகிறார். தனக்குப் பெண்கள்மேல் நாட்டமில்லை, ஆண்கள்மேல்தான் என்பது மகனுக்குப் பதினைந்து வயதிலேயே தெரியும். இன்றுவரை வீட்டில் சொன்னதில்லை. இப்படி ஒருவர் நம் ஊரில் இல்லை என்று நினைக்கிறவர்கள், தங்கள் ஊரில் எத்தனை பேர் வாயைத் திறக்காமல் இருக்கிறார்கள் என்று ஒருமுறை யோசிக்கலாம்.

தைவான் என்ற பெயர் அவருக்குப் புதிதல்ல. ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் தயாரிக்கும் பாக்ஸ்கான், தைவான் கம்பெனி. செய்யாறு சிப்காட்டில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஷூ தைக்கும் தொழிற்சாலையும் தைவான் குழுமத்துடையதுதான். வட தமிழ்நாட்டில் பல குடும்பங்களின் மாதச் சம்பளம் தைபேயோடு கணக்கு வைத்திருக்கிறது.

இந்தியாவுக்கும் தைவானுக்கும் முறையான தூதரக உறவு கிடையாது. அதனால் சென்னையில் இருப்பதற்குத் தூதரகம் என்று பெயரில்லை, தைபே பொருளாதார கலாசார மையம். 2012-இல் திறந்தார்கள். விசா விண்ணப்பம் அங்கேதான். விமானத்துக்கு தர்மபுரிக்காரருக்குச் சென்னையைவிட பெங்களூருவே பக்கம். சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக் என்று எங்காவது ஓரிடத்தில் மாறிப் போகலாம். அங்கே இறங்கியதும் கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளிவைக்க வேண்டும். தாவ்யுவான் விமான நிலையத்திலிருந்து நகருக்கு 2017-இல் ரயில் விட்டார்கள். விரைவு ரயிலில் ஏறினால் 40 நிமிடத்துக்குள் தைபே மத்திய நிலையம். ஒரு தைவான் டாலரை ஏறத்தாழ மூன்று ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மனக்கணக்கு எளிது. ஒரு எச்சரிக்கையும் உண்டு. மெட்ரோ ரயிலுக்குள் எதையும் தின்னவோ குடிக்கவோ கூடாது. மீறினால் 7,500 டாலர் வரை அபராதம். கடலை மிட்டாயைப் பைக்குள்ளேயே வைத்துக்கொள்வது நல்லது.

முதல் மாலை எல்லோரும் போகும் இடம் ஷிமென்திங். நம் தி.நகர் ரங்கநாதன் தெருவையும் பாண்டி பஜாரையும் ஒன்றாக்கி, அதில் வண்டிகளை நிறுத்திவிட்டது போன்ற கடைத்தெரு. ஷிமென் மெட்ரோ நிலையத்தின் 6-ஆம் வாசலில் ஏறி வந்தால் கண்ணெதிரே தரையில் வானவில் நிறத்தில் ஆறு பட்டைகள், அதன்மேல் ஊர்ப் பெயர். 2019-இல் நகராட்சியே தீட்டியது. பள்ளிப் பிள்ளைகள், தாத்தா பாட்டிகள், வெளிநாட்டுக்காரர்கள் என்று எல்லோரும் அங்கே நின்று படம் எடுக்கிறார்கள்.

இண்டூர்க்காரரும் எடுப்பார். படத்தை அம்மாவுக்கு அனுப்பலாமா என்று ஐந்து நிமிடம் யோசித்துவிட்டு அனுப்பியும் விடுவார். ஊரில் மாடு கட்டும் நேரம். பதில் குரல் செய்தியாக வரும். “ரோட்டுக்கெல்லாம் கலர் அடிச்சு வெச்சிருக்காங்களே, நல்லா இருக்குது கண்ணு. சாப்ட்டியா?”

நிலையத்துக்குப் பக்கத்திலேயே செங்கல்லில் எண்கோண வடிவக் கட்டடம் ஒன்று நிற்கிறது. ஜப்பானியர் ஆட்சியில், 1908-இல் சந்தைக்காகக் கட்டியது. பிறகு நாடகக் கொட்டகையாகவும் சினிமா தியேட்டராகவும் இருந்தது. பெயர் சிவப்பு வீடு. அதன் பின்புற முற்றத்தில்தான் தன்பாலீர்ப்பாளர்களின் மதுக்கடைகள் வரிசையாக இருக்கின்றன. பார் என்றதும் இருட்டையும் தடுப்புத் திரையையும் கற்பனை செய்ய வேண்டாம். மேசை நாற்காலி எல்லாம் வெட்டவெளியில். பக்கத்தில் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு குடும்பம் போகும். குடிக்காதவர்கள் எலுமிச்சைச் சாறு வாங்கிக்கொண்டு உட்காரலாம். யாரும் விரட்ட மாட்டார்கள். இந்த வெளிச்சம்தான் புதிதாக வருகிறவரைத் திணற வைக்கும். ஒளிந்து பழகிய ஆளுக்கு ஒளிய வேண்டிய தேவையே இல்லாத இடத்தில் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது.

நகரம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. அதைத் தெரிந்துகொள்ள மறுநாள் காலையில் ‘பிப்ரவரி 28 அமைதிப் பூங்கா’வுக்குப் போக வேண்டும். ஜனாதிபதி மாளிகைக்குக் கூப்பிடு தூரம். பழைய பெயர் புதிய பூங்கா. 1947 பிப்ரவரி 28-இல் தொடங்கிய கிளர்ச்சியை அரசு ரத்தத்தில் முக்கி அடக்கியது. அதன் நினைவாக 1996-இல் பெயரை மாற்றினார்கள். 1949 முதல் 1987 வரை, 38 ஆண்டுகள், தைவானில் ராணுவச் சட்டம். அந்த நாட்களில் ஆண்களை நேசித்த ஆண்கள் ஒருவரையொருவர் சந்திக்க வேறு இடமில்லாமல் இரவில் இந்தப் பூங்காவின் குளத்தங்கரைக்கு வந்தார்கள். போலீஸ் விசில் சத்தம் கேட்டால் ஓடினார்கள். பாய் ஷியென்யுங் 1983-இல் புத்தகமாக வெளியிட்ட ‘கிரிஸ்டல் பாய்ஸ்’ நாவலின் களம் இதுதான். மகனை வீட்டை விட்டுத் துரத்தும் அப்பா, போக்கிடம் இல்லாமல் பூங்காவுக்கு வரும் பையன். சீன மொழி தெரியாவிட்டாலும் கதை புரிகிறது, இல்லையா?

இன்று அங்கே முதியவர்கள் கை கால் நீட்டி உடற்பயிற்சி செய்கிறார்கள். அணில்கள் ஓடுகின்றன. 2003-இல் தைபேயின் முதல் வானவில் பேரணி இந்தப் பூங்காவிலிருந்துதான் புறப்பட்டது. வந்தவர்கள் குறைவுதான். டிவியில் முகம் தெரிந்தால் வீட்டில் என்ன சொல்வது என்று பயந்து முகமூடி போட்டவர்களும் அதில் உண்டு. 2019-இல் அதே பேரணிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் வந்ததாக ஏற்பாட்டாளர்கள் சொன்னார்கள்.

இந்தப் பதினாறு ஆண்டுகளுக்குள் நடந்ததை ஒரு மனிதரின் பெயரைச் சொல்லித்தான் விளக்க முடியும். சி ஜியாவெய். 1986-இல், ராணுவச் சட்டம் இருக்கும்போதே, பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு நான் தன்பாலீர்ப்பாளன் என்று சொன்னவர். அதே ஆண்டு தன் துணைவரோடு திருமணத்தைப் பதிய முயன்றார், மறுத்தார்கள். சிறைக்கும் போய்வந்தார். விடவில்லை. ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டே இருந்தார். 2017 மே 24-இல் அவருடைய மனுவின் மேல்தான் அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. ஒரே பாலினத்தவர் திருமணத்தை மறுப்பது அரசியல் சாசனத்துக்கு முரண், இரண்டு ஆண்டுக்குள் சட்டம் இயற்ற வேண்டும் என்றது. மனுப் போட்டதற்கும் தீர்ப்புக்கும் இடையில் 31 ஆண்டு. இண்டூர்க்காரரின் வயதும் அதுதான்.

அதற்குப் பிறகும் ஊர் கூடி மாலை போட்டுவிடவில்லை. 2018 நவம்பரில் பொது வாக்கெடுப்பு வைத்தார்கள். சிவில் சட்டத்தில் திருமணம் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் மட்டுமே என்று 72 சதவீதம் பேர் சொல்லிவிட்டார்கள்! ஒருபக்கம் நீதிமன்றம், மறுபக்கம் மக்கள். அரசு நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தது. சிவில் சட்டத்தைத் தொடாமல் தனியாக ஒரு சட்டம். அதன் தலைப்பில் திருமணம் என்ற சொல்லே கிடையாது, தீர்ப்பின் எண்ணான 748 மட்டும்தான் இருக்கும். 2019 மே 17-இல் நாடாளுமன்றத்தில் அது நிறைவேறியபோது வெளியே கொட்டும் மழையில் ஆயிரக்கணக்கானவர்கள் நின்றார்கள். மே 24-இல் அமலுக்கு வந்தது. முதல் நாளே 500-க்கும் மேற்பட்ட ஜோடிகள் பதிந்துகொண்டார்கள். ஆசியாவில் அதுவே முதல் முறை.

தைவான் மக்கள் வேறு ரத்தம், அவர்களுக்கு இதெல்லாம் சகஜம் என்று சொல்வது சரியல்ல. அங்கேயும் அம்மாக்கள் பேரன் கேட்கிறார்கள், அப்பாக்கள் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். தைவான்காரரான ஆங் லீ 1993-இல் எடுத்த ‘தி வெட்டிங் பேங்க்வெட்’ படமே, பெற்றோரின் நச்சரிப்புக்காக ஒரு பெண்ணைப் பெயருக்குக் கல்யாணம் செய்துகொள்ளும் தன்பாலீர்ப்பாளரின் கதைதான். பெண் தன்மை உள்ளவன் என்று பள்ளியில் கேலிக்கு ஆளான ஒரு மாணவன் 2000-இல் பள்ளிக் கழிவறையில் ரத்த வெள்ளத்தில் கிடந்து உயிரிழந்தான். அந்தச் சாவு நாட்டை உலுக்கியது. 2004-இல் பள்ளிகளில் பாலினச் சமத்துவத்தைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. அந்தப் பையனின் அம்மா பிற்பாடு வானவில் பேரணி மேடையில் ஏறி மற்றப் பிள்ளைகளுக்குத் தைரியம் சொன்னார்.

நம் பக்கமும் பார்த்துவிடலாம். 2018 செப்டம்பர் 6-இல் உச்ச நீதிமன்றம் 377-ஆம் பிரிவை விலக்கி, மனமொத்த இருவரின் உறவு குற்றமில்லை என்றது. 2021-இல், மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரண்டு பெண்களின் வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள தானே ஒரு உளவியலாளரிடம் அமர்ந்து பாடம் கேட்டார். ‘சரிசெய்கிறேன்’ என்று சொல்லி மருத்துவம் பார்ப்பதற்கும் தடை போட்டார். திருமணம் மட்டும் இல்லை. 2023 அக்டோபர் 17-இல் உச்ச நீதிமன்றம் அதை நாடாளுமன்றத்தின் பொறுப்பு என்று விட்டுவிட்டது. தைவான்காரரை மணக்கும் வெளிநாட்டவருக்கு, அவருடைய நாட்டில் இப்படிச் சட்டம் இல்லாவிட்டாலும், 2023 ஜனவரி முதல் தைவான் கதவைத் திறந்திருக்கிறது. ஆனால் அந்தச் சான்றிதழுக்கு இங்கே மதிப்பில்லை.

சட்டம் போதும், சாமிக்கு வரலாம். தைபேயை ஒட்டியிருக்கும் நியூ தைபே நகரத்தில், குடியிருப்புகளுக்கு நடுவே ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. வெய்மிங் தாங். சாமியின் பெயர் முயல் தெய்வம். கதை தென் சீனத்து ஃபூஜியன் பகுதியுடையது. ஹூ தியன்பாவ் என்ற ஆள், அந்த ஊருக்கு வந்த அழகான அதிகாரி ஒருவர்மேல் ஆசைப்பட்டு அவரை ஒளிந்து ஒளிந்து பார்த்தான். பிடிபட்டதும் ஆசையை மறைக்காமல் சொன்னான். அதிகாரி அவனைக் கொன்றுவிட்டார். செத்தவன் ஊர்ப் பெரியவர் கனவில் வந்தான். நான் செய்தது அன்புக் குற்றம் மட்டும்தான், அதனால் எமலோகத்தில் என்னை ஆண்களுக்கிடையிலான காதலுக்குத் தெய்வமாக்கிவிட்டார்கள், எனக்கொரு கோயில் கட்டுங்கள் என்றான். 18-ஆம் நூற்றாண்டுச் சீன எழுத்தாளர் யுவான் மெய் இதை எழுதிவைத்திருக்கிறார்.

சீனர்களுக்கு இந்தக் கதையில் வியப்பு இருக்கலாம். நமக்கு இது ரொம்பத் தெரிந்த கதை. ஆரியமாலையை விரும்பியதற்காகக் கழுவேறிய காத்தவராயன், மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரை வீரன். காதலித்ததற்காகக் கொன்றுவிட்டு, பிறகு பயந்தோ பரிதாபப்பட்டோ பொங்கல் வைத்துக் கும்பிடுவது தமிழ்நாட்டில் எத்தனை ஊர் எல்லையில் நடக்கிறது! அவன் யாரைக் காதலித்தான் என்பது மட்டும்தான் வேறு. வழக்கொழிந்துபோன அந்த வழிபாட்டுக்கு 2006-இல் தாவோ மதப் பூசாரி ஒருவர் உயிர்கொடுத்து எழுப்பிய கோயில் இது. மற்றச் சாமிகளிடம் இதைக் கேட்கக் கூச்சப்பட்டவர்கள் இங்கே வந்து, நல்ல துணை கிடைக்க வேண்டும் என்று ஊதுபத்தி ஏற்றுகிறார்கள்.

சாப்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரவுச் சந்தைகள்தான் தைபேயின் உயிர். ஷிலின், ராவ்ஹே, நிங்ஷியா என்று பகுதிக்கொன்று. நாற்ற டோஃபுவின் வாசனை பத்துக் கடைக்கு முன்னாலேயே வந்துவிடும், கருவாடு பழகிய மூக்கு தாங்கிக்கொள்ளும். சைவர்கள் கவலைப்பட வேண்டாம். வாசலில் ஸ்வஸ்திக் குறி போட்ட கடைகளில் பௌத்த சைவச் சாப்பாடு, வெங்காயம் பூண்டு கூட இருக்காது. பழக்கடையில் சீத்தாப்பழத்தைப் பார்த்தால் விடக் கூடாது. புத்தரின் தலைமுடிச் சுருள் போல இருப்பதால் அதற்கு அங்கே சாக்கியர் என்றே பெயர். தர்மபுரிக் காட்டுச் சீத்தாப்பழத்தைவிட இரண்டு மடங்கு பெரிது. ருசியில் யார் ஜெயிப்பார் என்று கேட்டால் இண்டூர்க்காரர் ஊரை விட்டுக்கொடுக்க மாட்டார்.

508 மீட்டர் உயர தைபே 101 கோபுரத்தில் ஏறுவதற்குக் காசு கொடுப்பதைவிட, பக்கத்திலிருக்கும் யானை மலையில் படியேறி அந்தக் கோபுரத்தையே பார்ப்பது மேல். வத்தல்மலை பார்த்தவருக்கு அது மலையே இல்லை, 183 மீட்டர்தான். சூரியன் சாயும் நேரத்தில் போக வேண்டும். பெய்தோவின் வெந்நீர் ஊற்றுகளுக்கு ஒரு அரை நாள் போதும்.

எப்போது போவது? அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை என்றால் வானவில் பேரணி. வெயிலும் தணிந்திருக்கும், புயல் காலமும் பெரும்பாலும் முடிந்திருக்கும். நம் தீபாவளி லீவோடு சேர்த்துக்கொள்ள முடிகிற ஆண்டுகளும் உண்டு. கூட்டம் பிடிக்காதவர்கள் நவம்பரில் போகலாம். தனியாகப் போகிறவர்களுக்கு ஊர் பாதுகாப்பானதுதான். ஆனாலும் செல்போன் ஆப் மூலம் முன்பின் தெரியாதவரைச் சந்திப்பதானால் முதலில் ஒரு டீக்கடையில், நாலு பேர் நடுவில் என்பது தைபேக்கும் பொருந்தும்.

கடைசி நாள் காலை லொங்ஷான் கோயில். ஷிமெனிலிருந்து மெட்ரோவில் அடுத்த நிறுத்தம். 1738-இல் கட்டியது. மூலவர் குவான்யின், அதாவது நம் பழைய பௌத்தர்கள் கும்பிட்ட அவலோகிதர். அகத்தியருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான் என்கிறது வீரசோழியம். பின்புறச் சன்னதி ஒன்றில் யூவேலாவ் என்ற வெண்தாடிக் கிழவர் உட்கார்ந்திருக்கிறார். கல்யாணம் கூட்டிவைக்கும் சாமி. சேர வேண்டிய இரண்டு பேரின் காலைக் கண்ணுக்குத் தெரியாத சிவப்பு நூலால் கட்டிவிடுவாராம். அவரிடம் வேண்டுவதற்கு முறை உண்டு. பெயர், பிறந்த தேதி, வீட்டு விலாசம், எப்படிப்பட்ட துணை வேண்டும் என்பதை வாய்க்குள் சொல்ல வேண்டும். பெயர், நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்பவர்களுக்கு இது புதிதில்லை. பிறகு பிறை வடிவ மரத்துண்டுகள் இரண்டைத் தரையில் போட வேண்டும். ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாந்தும் விழுந்தால் சாமி சம்மதம். நம் ஊரில் பூ வைத்துக் கேட்பது போலத்தான். தொடர்ந்து மூன்று தடவை சம்மதம் கிடைத்தால் ஒரு சிவப்பு நூலை எடுத்துப் பர்ஸில் வைத்துக்கொள்ளலாம்.

இண்டூர்க்காரர் விலாசம் சொல்லும்போது தர்மபுரி மாவட்டம் என்று சேர்த்துச் சொல்வார், சாமி தேடிக்கொண்டு அலையக் கூடாதல்லவா. எப்படிப்பட்ட துணை என்பதையும், முதல் முறையாக ஒரு சன்னதியில் நின்று, மாற்றாமல் மறைக்காமல் சொல்வார்.

பெங்களூருவில் இறங்கி, ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி என்று பஸ் மாறி வீட்டுக்குப் போனதும் அம்மா அன்னாசிப்பழக் கேக் டப்பாவைத் திறப்பார். ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, இனிப்பு கம்மி என்பார். பஸ் டிக்கெட்டோடு பர்ஸிலிருந்து அந்த நூலும் வெளியே வரும்.

“இது எந்தக் கோயில் கயிறு கண்ணு?”

“கல்யாணம் கூடி வரணும்னு வேண்டிக்கிட்டுக் குடுக்கிற கயிறும்மா.”

அம்மா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சாமி படத்துக்குக் கீழே குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் வைப்பார்.